ஒன்பது ஓட்டை ஹெல்மெட்

நவம்பர் 19, செவ்வாய்

இருபது வருடம் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிய கைக்குப் பழைய பூட்ஸைத் துடைப்பது ஒரு வேலையா என்று என் தங்கை போனில் கேட்கிறாள். புடவையாவது நாலு பேர் வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கே பார்த்துவிட்டுச் சும்மா போகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடையை மூடியபோது இவளா வந்து எனக்குச் சம்பளம் கொடுத்தாள்?

ரேஷன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் போர்க் காட்சியகம். முன்னாள் ராணுவத்தினர் சங்கம் நடத்துகிறது. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் என்பதால் பரணில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். ஒற்றை பூட்ஸ் ஒன்று, அதன் ஜோடியைப் பாலைவனத்து நாய் தூக்கிக்கொண்டு போனதாம். ஒரு டிரான்சிஸ்டர், அதில் போர் நின்ற செய்தியைக் கேட்டவர் சந்தோஷத்தில் அதையே தூக்கிப் போட்டு உடைத்துவிட்டாராம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து உதறிக் காட்டினால்தான் எனக்குத் திருப்தி. பழக்கதோஷம்.

ஆனால் கூட்டம் வருவது ஹெல்மெட்டுக்காக. “எழுபத்தொன்னு போர்ல நாயக் பதவியில இருந்த நம்ம ஊரு கோதண்டம் போட்டிருந்தது. ஒன்பது குண்டு! ஒன்பதும் துளைச்சும் மனுஷன் உசுரோட வந்தாரு. கிட்ட வந்து பாருங்க, பாக்கறதுக்குக் காசு இல்ல.” இன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், “ஒன்பது குண்டு பட்டும் எப்படி ஆன்ட்டி உயிரோட இருந்தாரு?” என்று கேட்டுவிட்டது. “தலை சின்னது கண்ணு, ஹெல்மெட் பெருசு” என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எட்டு ஓட்டை வட்டமாக, ஒன்று நடுவில். புடவையில் புட்டா போட்ட மாதிரி அவ்வளவு சீராக இருக்கிறது. எனக்கென்ன? குண்டு எப்படிப் பாயும் என்பது என் டிபார்ட்மென்ட் இல்லை.

செயலாளர் சுபேதார் தனகோட்டி சாயங்காலம் வந்தார். டிசம்பர் பதினாறு அன்று கல்வெட்டுத் திறப்பு. அந்தப் போரில் இருந்த இந்த வட்டாரத்துக்காரர்கள் பெயரெல்லாம் கறுப்புக் கல்லில். ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வந்து திறக்கிறார். அதற்குள் ஹெல்மெட்டுக்குப் புதிதாக, விளக்கமாக ஒரு அட்டை நான் எழுத வேண்டும். வேலூரில் புதிதாகத் திறக்கும் ஜவுளிக்கடைக்காரர் வேறு டிசம்பர் முதல் தேதி வா என்கிறார். அட்டையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

இன்று ஒரு கிழவர் என் மானத்தை வாங்கிவிட்டார்.

காட்பாடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் ஒன்பது குண்டுக் கதையை உச்சத்துக்குக் கொண்டுபோன நேரம். பின்னாலிருந்து ஒரு குரல். “இன்னாம்மா, காதுல பூ சுத்தற? அந்த ஓட்டைய போட்டது நானு!”

முறுக்கிய மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. குடும்பம் அப்படியே அவர் பக்கம் திரும்பிவிட்டது.

“நீங்க எதுக்குப் பெரியவரே எங்க நாயக்கைச் சுட்டீங்க?” என்றேன்.

“சுட்டனா? நான் எங்க சுட்டேன்? அவிச்சேன்!”

பெயர் கன்னியப்பன். பட்டாளத்தில் சமையல்காரர். அப்புறம் ஆவடியில் கேன்டீன் வைத்திருந்தார். இந்த ஆடியில்தான் மகள் வீட்டோடு வந்திருக்கிறார். ஹெல்மெட்டில் இட்லி அவிப்பதற்காக அவர் போட்ட ஓட்டையாம் அது. அதோடு விட்டாரா? ஒரு ஜெனரல் இவருடைய ரசத்தைக் குடித்துவிட்டு சல்யூட் அடித்தாராம். காட்பாடிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

நவம்பர் 23, சனி

மறுபடியும் வந்துவிட்டார். இன்று தனகோட்டி ஐயாவும் இருந்தார்.

“கல்லுல என் பேரும் போடணும்” என்றார் கன்னியப்பன். “நானும் அங்க இருந்தவன்தான். ஷெல் வுழும்போது எனக்கு மட்டும் லீவா குடுத்தாங்க?”

தனகோட்டி ஐயா பீரங்கிப் படையில் இருந்தவர். பீரங்கி அவருடைய இடது காதை முழுதாகவும் வலது காதை முக்காலாகவும் எடுத்துக்கொண்டது. காதுக்கு மெஷின் உண்டு; போட்டால் கௌரவக் குறைவு என்று சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். நான்தான் கத்திச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். “சண்டை போட்டவங்க பேரு மட்டும்தான்னு கமிட்டி முடிவு. சமையக்காரங்களை எல்லாம் சேர்த்தா கல்லு பத்தாது.”

அவ்வளவு சத்தம் போடுகிற கன்னியப்பன் குடையை எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்கிப் போனார். எனக்கென்னவோ போலிருந்தது. அது காலையில் சாப்பிட்ட வடையாகவும் இருக்கலாம்.

நவம்பர் 27, புதன்

மிக்ஸி ரிப்பேர். கிழவர் வரவில்லை. நிம்மதி. மூன்று நான்கு தடவை மாடிப்படியை எட்டிப் பார்த்தேன், ரேஷன் கூட்டம் குறைந்துவிட்டதா என்று.

நவம்பர் 30, சனி

கொட்டுகொட்டென்று மழை. ஒருவரும் வரமாட்டார்கள் என்று கதவைச் சாத்தப்போனால் கன்னியப்பன் சொட்டச் சொட்ட நிற்கிறார். துண்டு கொடுத்தேன். பிளாஸ்க்கில் டீ இருந்தது. எனக்காகப் போட்டது, கொஞ்சம் அதிகமாகிவிட்டிருந்தது.

“கோதண்டம் இல்லன்னு இங்க வந்தப்புறம்தான்மா எனக்குத் தெரியும்” என்றார். “ஆறு வருசம் ஆச்சாமே. பாக்கலாம்னு நெனச்சிகினு வந்தேன்.”

ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பஞ்சாப் எல்லை. பதுங்கு குழி சரிந்து கோதண்டம் மண்ணுக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடந்தாராம்.

“தோண்டி எடுத்தோம். கால் ஒடிஞ்சிகீது, அது பரவால்ல. எத்தக் குடுத்தாலும் துப்பறான். ரொட்டியத் துப்பறான், கஞ்சியத் துப்பறான். இப்டியே போனா தேறமாட்டான்னுட்டாரு டாக்டரு. நான் காதாண்ட போயி, டேய், இன்னாடா வேணும் ஒனக்குன்னேன். இட்லின்னான்.”

“போர்முனையிலயா?”

“அதத்தான் நானும் கேட்டேன். அவன் அங்கேருந்து ஷெல் அடிச்சிகினுகீறான், ஒனக்கு இட்லி கேக்குதாடான்னேன். கண்ணத் தொறந்து மறுபடியும் இட்லின்னான்.”

அரிசி இருந்தது, உளுந்து இருந்தது. பாறை மேல் போட்டு பாட்டிலால் தேய்த்தே அரைத்திருக்கிறார். குளிரில் மாவு பொங்கவில்லை. “இன்னா பண்றது? மாவு டின்ன கம்பளிக்குள்ள வச்சி பொண்டாட்டி மாதிரி கட்டிப்புடிச்சிகினு படுத்தேன். காலைல பாத்தா பொங்கி என் பனியன் மேல வந்துகீது.” அவிக்கத் தட்டு இல்லை. கோதண்டத்தின் ஹெல்மெட் நசுங்கிப்போனது, உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு மலையாளத்துக்காரர் அதைப் பழுக்கக் காய்ச்சி, உளி வைத்து ஒன்பது ஓட்டை அடித்துக் கொடுத்தார். தண்ணீர் கொதிக்கிற டேக்சா பாத்திரத்தின் மேல் அதைக் கவிழ்க்காமல் உட்காரவைத்து, ஈரத் துணி விரித்து மாவை ஊற்றி மூடிவிட்டார். ஒரே இட்லி, தலையணை மாதிரி.

“சாப்பிட்டாரா?”

“முழுசும் தின்னான். தின்னுட்டு, சட்னி இல்லியாடான்னான். அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சி. இனிமே பொழச்சிக்குவான்னு.”

நான் எதையும் நம்பவில்லை. ஜெனரல் சல்யூட் அடித்த ரசம்தானே இது. ஆனாலும் பொய் சொல்லுகிறவர் ஒரு மெஷின் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்திருப்பார். மாவு டின்னையா கட்டிப்பிடிப்பார்?

டிசம்பர் 3, செவ்வாய்

சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது.

அட்டைக்கு விவரம் கேட்க கோதண்டத்தின் மனைவி பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். முட்டிவலி, மாடி ஏறமுடியாது என்பதால் அந்த அம்மாள் காட்சியகத்துக்கு வந்ததே இல்லை. உட்கார்ந்ததும், “அம்மா, ஐயா ஹெல்மெட்ல பட்ட ஒன்பது குண்டு…” என்று ஆரம்பித்தேன்.

“இன்னா குண்டு?”

“ஒன்பது குண்டும்மா. நீங்கதானே சுபேதார்கிட்ட சொல்லிக் குடுத்தீங்க?”

“குண்டான்னும்மா சொன்னேன்! இட்லி குண்டான்!” பச்சையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “நாப்பது வருசம் அதுலதான் இட்லி அவிச்சேன். இது அவரு சண்டையிலேர்ந்து எடுத்தாந்த குண்டான்னு தெளிவா சொன்னேன். அந்த சுபேதாரு, குண்டா, குண்டான்னு ரெண்டு தபா கேட்டுட்டு கண்ணுல தண்ணி வச்சிகினாரு. ஒரு இட்லி குண்டானுக்கு இன்னாத்துக்கு இந்த மனுசன் அழறாருன்னு நெனச்சேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வருடமாக ஊரைக் கூட்டி நான் சொன்ன வீரக்கதை!

இத்தோடு முடியவில்லை. பச்சையம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக்கூடாது. பஞ்சாப்புல அவருக்கு எவளோ ஒருத்தி இருந்தா. ஒனக்கு எதுனா தெரியுமா?”

“என்னம்மா சொல்றீங்க?”

“நான் எப்டி இட்லி சுட்டாலும், அந்த இட்லி மாதிரி வர்லன்னுவாரு. எந்த இட்லின்னா, சண்டைல ஒரு ஆளு செஞ்சி குடுத்திச்சின்னுவாரு. யாரு அந்த ஆளுன்னா மீசைய முறுக்கிகினு சிரிப்பாரு. நாப்பது வருசம்! இட்லி பூ மாதிரி வந்த அன்னிக்குகூட, ஊகும், அது இல்லன்னுவாரு. நான் எத்தினி நாளு அடுப்பாண்ட குந்திகினு அழுதுகீறேன் தெரியுமா?”

“பஞ்சாபிக்காரி எங்கம்மா இட்லி சுடுவா?” என்று கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்கிக்கொண்டு கன்னியப்பன் கதையைச் சொன்னேன்.

பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆம்பளையா?” என்றார்.

“மீசை வச்ச ஆம்பளை. எழுபத்தாறு வயசு.”

“அந்த ஆள இட்டுகினு வா. அப்டி இன்னா இட்லின்னு நான் பாக்கணும்.”

டிசம்பர் 4, புதன்

தனகோட்டி ஐயாவிடம் சொல்வதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

“ஐயா, அது குண்டு இல்ல! குண்டான்!”

“ஆமாம்மா, குண்டுதான்!”

“குண்டான்! இட்லி குண்டான்!”

“இட்டது யாரா? எதிரிதான்! வேற யாரு குண்டு போடுவா?”

கீழே ரேஷன் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர் பையில் கைவிட்டு மெஷினை எடுத்து நானே நீட்டினேன். மாட்டிக்கொண்டு கேட்டவர் முகம் அப்படியே தொங்கிவிட்டது. பாவம், இரண்டு வருடமாக அந்த ஹெல்மெட்டுக்குத் தினம் ஒரு சல்யூட் அடித்தவர்.

“கர்னலுக்கு ஒன்பது குண்டுன்னு எழுதி அனுப்பிட்டேனே” என்றார். “போர்க் காட்சியகத்துல இட்லி குண்டான் வச்சா ஊரே சிரிக்கும்மா. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.”

“அப்ப கன்னியப்பன் பேரு? கல்லுல கடைசி வரி காலியாத்தானே இருக்கு?”

“அது அழகுக்கு விட்டிருக்கு. சமையக்காரன் பேரை அதுல போட்டா, எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. அப்ப இந்தக் கதை வெளிய வரும்.”

எனக்கு வந்த கோபத்தில், சோறு போட்டவன் பேர் அழகைக் கெடுத்துவிடுமா, நீங்கள் அங்கே பட்டினி கிடந்தா பீரங்கி சுட்டீர்கள் என்று ஆரம்பித்தேன். அவர் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் நான் சுவரோடு பேசியது மாதிரிதான்.

ஜவுளிக்கடைக்காரர் போன் செய்தார். பத்தாம் தேதி என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

‘காட்சிப் பொருள்களைத் தொடாதீர்கள்’ என்று அட்டை எழுதி வைத்தவள் நான். அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஹெல்மெட்டை எடுத்துப் புளிபோட்டுத் தேய்த்தவளும் நான்தான். எவன் அதற்கு பாலிஷ் அடித்தானோ, தேய்த்துத் தேய்த்துக் கை போய்விட்டது.

ரேஷன் கடைக்கு லீவு. கீழே முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். பச்சையம்மாளை ஆட்டோவில் அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கன்னியப்பன் மாவோடு வந்தார். “இன்னிக்குக் கட்டிப்புடிக்கலம்மா, வெயில்லியே பொங்கிடிச்சி” என்று அசடு வழிந்தார். பச்சையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. மாமியார் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்பையே பார்த்தார்.

ஆவி வந்தது. கன்னியப்பன் ஹெல்மெட்டை இறக்கித் துணியோடு கவிழ்த்தார். அவ்வளவு பெரிய இட்லியை நான் பார்த்ததில்லை. கத்தியால் வெட்டி முதல் துண்டைப் பச்சையம்மாளுக்கு வைத்தார்.

அந்த அம்மாள் பிட்டு வாயில் போட்டார். மென்றார். இன்னொரு வாய் போட்டார்.

“இத்துக்கா?” என்றார். “இத்துக்கா அந்த மனுசன் நாப்பது வருசம் என்ன கொறை சொன்னாரு? நான் சுடறதே இத்தவிட நல்லாகீது!”

கன்னியப்பன் தானும் ஒரு துண்டு எடுத்து மென்று பார்த்தார். “ஆமா தங்கச்சி” என்றார். “சுமாராத்தான் கீது.” பிறகு மெதுவாகச் சொன்னார். “அன்னிக்கு அவன் மண்ணுக்குள்ளேர்ந்து வந்து தின்னான் இல்ல. ஒன்ன மறுபடியும் பாக்கப்போறோம்னு தெரிஞ்சி தின்னது அது. அந்த ருசி என்னுது இல்லம்மா.”

பச்சையம்மாள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே அடுத்த துண்டையும் சாப்பிட்டார். நானும் அழுதேன். அடுப்புப் புகையும் ஒரு காரணம்.

டிசம்பர் 9, திங்கள்

காலையில் கமிட்டிக் கூட்டம். பச்சையம்மாள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறி வந்தார். என்னைக்கூடப் பிடிக்கவிடவில்லை. தனகோட்டி ஐயா பதறி எழுந்து நாற்காலி இழுத்தார்.

“மொதல்ல மெஷின மாட்டுங்க” என்றார் பச்சையம்மாள். “இந்தத் தபா தப்பா கேக்கக்கூடாது.”

மாட்டிக்கொண்டார்.

“எங்க வூட்டுக்காரரு உசுரோட வந்தாரு, எனக்கு மூணு புள்ளைங்க பொறந்துச்சிங்க. அத்தினிக்கும் காரணம் அந்தக் கன்னியப்பன் அவிச்ச இட்லி. அந்த ஆளு பேரு இல்லாத கல்லுல எங்க வூட்டுக்காரரு பேரும் வேணாம். எடுத்துடுங்க.”

“கல்லுல வெட்டின பேரை எப்படிம்மா எடுக்கறது?” என்றார் தனகோட்டி ஐயா பரிதாபமாக.

“அப்ப இன்னொண்ண வெட்டுங்க.”

தனகோட்டி ஐயா ஹெல்மெட் பெட்டியைப் பார்த்தார். நான் அவசரத்தில் அதை ஈரத்தோடு வைத்திருந்தேன். கண்ணாடியில் ஆவி பிடித்திருந்தது. “கர்னலுக்கு நானே சொல்லிடறேன்” என்றார். “என் காதுதான் தப்பு பண்ணிச்சி. அந்த ஆள் என்ன தப்பு பண்ணான்?” எழுந்து வந்து என்னிடம், சண்டையில எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பையன்களை நானும் மறந்துதான் போயிட்டேன் தாட்சாயணி என்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

டிசம்பர் 11, புதன்

கல்தச்சர் வந்து என்ன பதவி போடுவது என்று கேட்டார். தனகோட்டி ஐயா பெரிய மனது பண்ணி, “சிப்பாய்னே போட்டுடு” என்றார்.

“அதெல்லாம் வேணாம்” என்றார் கன்னியப்பன். “சமையல்னு போடு. சிப்பாய்னு போட்டா எவனும் நின்னு பாக்கமாட்டான். சமையல்னு போட்டா, இவன் இங்க இன்னா பண்றான்னு கேப்பான். இந்தப் பொண்ணு கதைய எடுத்து வுடும்.”

புது அட்டை எழுதி முடித்துவிட்டேன். ‘நாயக் கோதண்டத்தின் தலைக்கவசம். பிற்பாடு இட்லி குண்டான்.’ அதற்குக் கீழே நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். ஜெனரலையும் ரசத்தையும் சேர்க்கச் சொல்லி ஒரே தொந்தரவு. முடியாது பெரியப்பா என்று சொல்லிவிட்டேன்.

ஜவுளிக்கடைக்காரர் போனை நான் எடுக்கவில்லை. அட்டை காய்ந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 16, திங்கள்

கர்னல் கல்லைத் திறந்துவைத்தார். தனகோட்டி ஐயா மெஷினை எல்லாருக்கும் தெரியும்படி மாட்டிக்கொண்டு, குண்டு குண்டானான கதையை மைக்கில் தானே சொன்னார். கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. கர்னல் ஹெல்மெட் முன்னால் வெகுநேரம் நின்றார். எங்கள் யூனிட் சமையல்காரர் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லையே என்று வருத்தப்பட்டார்.

கூட்டம் கலைந்து சாப்பாட்டுக்குப் போயிற்று. கன்னியப்பன் மட்டும் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தையும் பெருமை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடம்புக்கு என்ன என்று பயந்துபோய் பக்கத்தில் போனேன்.

“தாட்சாயணி, அத்தக் கொஞ்சம் படி.”

“கண்ணாடி கொண்டாரலையா பெரியப்பா?”

“கண்ணு நல்லாத்தான் தெரியுது. இத்தினி வருசம் நானே சொல்லிகினு இருந்தேன், ஒருத்தனும் நம்பல. இன்னொருத்தர் வாயால ஒரு தபா கேக்கணும்மா.”

கனைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்தேன்.

“வே. கன்னியப்பன். சமையல்.”

“இன்னொரு தபா.”

படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் படித்தேன்.